குழாயிடம் தோற்ற குதிரைவண்டிகள்

பெட்ரோலியத்தின் வரலாறு என்றால் கிணறு தோண்டியவர்களைப் பற்றியும், சுத்திகரிப்பு ஆலை அமைத்தவர்களைப் பற்றியுமே நாம் மிகுதியாகப் படிக்கிறோம். கிணற்றுக்கும் ஆலைக்கும் இடையே எண்ணெயைச் சுமந்தவர்கள் யார்? இதற்கு விடை காண அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்துக்குச் செல்வோம்.

அங்கு டைட்டஸ்வில் என்னும் ஊருக்கு அருகே, 1859 ஆகஸ்டு இறுதியில், எட்வின் டிரேக் தோண்டுவித்த கிணற்றில் சுமார் 69 அடி ஆழத்தில் எண்ணெய் கிடைத்தது. விரைவிலேயே அப்பள்ளத்தாக்கு முழுவதும் கிணறுகள் பெருகின. 1865 ஜனவரியில் பிட்ஹோல் என்ற இடத்தில் பெரும் ஊற்று ஒன்று கண்டறியப்பட்டது. செப்டம்பருக்குள் அங்கே ஏறக்குறைய 15,000 பேர் குடியேறிவிட்டனர். ஆனால் புகைவண்டி நிலையமோ ஐந்து மைல் தொலைவில், மில்லர் பண்ணையில் இருந்தது.

இந்த ஐந்து மைலைக் கடக்க உதவியவர்கள் குதிரைவண்டிக்காரர்கள். அவர்களுள் பலர் சொந்த வண்டியும் சொந்தக் குதிரைகளும் உடையவர்கள். 42 காலன் கொள்ளும் பீப்பாய் ஒன்றில் எண்ணெய் மட்டுமே சுமார் 130 கிலோகிராம் இருக்கும். ஒரு வண்டியில் ஐந்து முதல் ஏழு பீப்பாய்களே ஏறும். பாதையோ முழங்கால் அளவு சேறு. எண்ணெய் கலந்த அச்சேறு பட்டுக் குதிரைகளின் உரோமமே உதிர்ந்துபோயிற்று. பீப்பாய் ஒன்றுக்குக் கூலி 3 டாலர் வரை உயர்ந்தது. வண்டிக்காரர்கள் கேட்டதே கூலி என்று கிணற்றுக்காரர்கள் குமுறினர். ஆனால் குதிரை இறந்தாலும் அச்சு முறிந்தாலும், அந்த இழப்பு வண்டிக்காரருடையதே அன்றோ?

1865 அக்டோபரில் சாமுவேல் வான் சைக்கிள் என்பவர் பிட்ஹோலிலிருந்து மில்லர் பண்ணை வரை 2 அங்குல விட்டமுள்ள இரும்புக் குழாயைப் பதித்து முடித்தார். முன்னர் சிலர் செய்த முயற்சிகள் இணைப்புகளின் கசிவால் தோல்வியுற்றிருந்தன. இவரது குழாயோ கசியவில்லை. மணிக்கு 81 பீப்பாய் எண்ணெய் அதில் பாய்ந்தது. கட்டணம் பீப்பாய்க்கு 1 டாலர்.

குழாய் வென்றது வேகத்தாலா? நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். ஒரு பீப்பாய் 159 லிட்டர். அப்படியானால் விநாடிக்கு ஏறத்தாழ 3.6 லிட்டர் பாய்கிறது. குழாயின் குறுக்குவெட்டுப் பரப்பு சுமார் 20 சதுர செ.மீ. வகுத்தால் கிடைக்கும் திசைவேகம் விநாடிக்குச் சுமார் 1.8 மீட்டர், அதாவது மணிக்கு 6½ கிலோமீட்டர். விரைந்து நடக்கும் மனிதனின் வேகம்தான் இது!

அப்படியாயின் வெற்றியின் இரகசியம் என்ன? வண்டி, எண்ணெயோடு மரப்பீப்பாயையும் தன் எடையையும் சேர்த்து இழுத்தது, திரும்பும்போது காலிப் பீப்பாய்களுடன் வந்தது, இரவில் நின்றது. குழாயோ நகராமல் கிடக்க, எண்ணெய் மட்டும் இரவும் பகலும் நகர்ந்தது. குழாய்ச் சுவரின் உராய்வையும் எண்ணெயின் பாகுநிலையையும் வெல்ல மூன்று நீராவிப் பம்புகள் போதுமானவையாக இருந்தன. ஒரு நாளில் அது அனுப்பிய எண்ணெயை ஏற்ற, வண்டிக்கு ஆறு பீப்பாய் என்று கொண்டால், 324 வண்டிச் சுமைகள் வேண்டும்.

பிழைப்பு பறிபோவதைக் கண்ட வண்டிக்காரர்கள் குழாயைத் தோண்டி உடைத்தனர். ஆயுதம் தாங்கிய காவலர் நிறுத்தப்பட்டனர். குழாய் நிலைத்தது, வண்டிக்காரர்கள் வேறு வேலை தேடிச் சென்றனர். பிட்ஹோலும் நிலைக்கவில்லை. ஊற்றுகள் வற்ற, 1870-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அங்கே எஞ்சியிருந்தவர்கள் 237 பேர்.

இது பழங்கதை என்று எண்ணிவிட வேண்டாம். இன்று டெக்சாஸ் மாநிலத்தின் பெர்மியன் எண்ணெய்ப் படுகையில், பாறையைப் பிளந்து எண்ணெய் எடுக்கக் கிணறு ஒன்றுக்கு ஆயிரக்கணக்கான டன் மணல் தேவை. அதைச் சுமப்பவர்களுள் கடன் வாங்கிச் சொந்த லாரி ஓட்டுபவர்களும் உண்டு. டீசல், டயர், பழுது எல்லாம் அவர்கள் செலவு. காலியாகத் திரும்பும் பயணமும் அவர்கள் தலையில்தான். 2025-ஆம் ஆண்டு அங்கே 42 மைல் நீளமுள்ள மணல் கடத்தும் பட்டை ஒன்று இயங்கத் தொடங்கியது. தத்துவம் ஏறத்தாழ குழாயின் தத்துவம்தான்: பட்டையும் நகர்கிறது என்றாலும், சுமையைக் கொண்டுசெல்ல வண்டிகள் போய்வர வேண்டியதில்லை.

புதிய சாதனம் மிச்சப்படுத்தும் ஆற்றலை இயற்பியல் நமக்குத் துல்லியமாகக் கணக்கிட்டுத் தருகிறது. பீப்பாய்க்கு மிச்சமான 2 டாலர் யாரிடம் சேர்ந்தது, அதற்கான விலையை யார் செலுத்தினார் என்பதை வரலாற்றைப் படித்தால்தான் அறிய முடியும். இரண்டு கணக்குகளையும் போடக் கற்றவரே எந்தப் புதிய பொறியையும் முழுமையாக அறிந்தவர்.