ஆட்டிசமும் நோயெதிர்ப்பு மண்டலமும்: குருதிச் சான்றின் எல்லை

ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் நோயெதிர்ப்பு மண்டலம் வேறுபட்டு இயங்குகிறது என்பது இன்று வெறும் ஊகமன்று. 2005இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் டயானா வர்காஸ், கார்லோஸ் பார்டோ குழுவினர் ஆட்டிசத்துடன் வாழ்ந்து மறைந்த 11 பேரின் மூளைத் திசுக்களை ஆராய்ந்தனர். மூளையின் காவல் செல்களான மைக்ரோகிளியா கிளர்ந்திருந்தன; சிறுமூளையில் அது மிகுதி. 2011இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் பால் ஆஷ்வுட் குழுவினர், இளங்குழந்தைகளின் குருதியில் இன்டர்லூக்கின் 6, 8 போன்ற அழற்சிப் புரதங்கள் கூடியிருக்கக் கண்டனர். கற்ற பேச்சையும் பழக்கத்தையும் இடையில் இழந்த குழந்தைகளிடமே இந்த ஏற்றம் பெரிதும் தென்பட்டது.

இயற்கைக் கொல்லி செல்களைப் பற்றிய 2009ஆம் ஆண்டின் ஆய்வு இன்னும் நுட்பமானது. ஆட்டிசக் குழந்தைகளிடம் இச்செல்கள் தூண்டுதல் இல்லாதபோதே பெர்ஃபோரின், கிரான்சைம் ஆகிய செல்லழிப்புப் புரதங்களைக் கூடுதலாகச் சுரந்தன. அழிக்க வேண்டிய செல்லை எதிரே வைத்தபோதோ அவற்றின் எதிர்வினை குறைந்திருந்தது. ஆகவே இதை 'எதிர்ப்பாற்றல் குறைவு' என்றோ 'மிகை' என்றோ ஒரே சொல்லில் அடக்குவது பிழை.

இதனால் ஆட்டிசம் ஒரு நோயெதிர்ப்புக் கோளாறு ஆகிவிடுமா? ஆகாது என்பதே என் வாதம். 2011இல் டேனியல் கெஷ்விண்ட் குழுவினர் நேச்சர் இதழில் வெளியிட்ட மரபணுச் செயற்பாட்டு ஆய்வு இதற்கு வலுவான சான்று. ஆட்டிசம் உள்ளோரின் மூளைப் புறணியில் நரம்பிணைப்பு சார்ந்த மரபணுக்களின் செயல் குறைந்தும், நோயெதிர்ப்பு சார்ந்தவற்றின் செயல் கூடியும் இருந்தன. ஆனால், பிறவி மரபு வேறுபாடுகளோடு தொடர்பு காட்டியது நரம்பிணைப்புத் தொகுதி மட்டுமே. குழந்தையின் மூளையில் காணும் கிளர்ச்சி பெரும்பாலும் பின்விளைவு என்றே கொள்ள இடமிருக்கிறது.

கருப்பையின் கதை வேறு. 2007இல் கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் (கால்டெக்) பால் பேட்டர்சன் குழுவினர் சூல்கொண்ட எலிக்கு ஒரேயொரு முறை இன்டர்லூக்கின் 6 செலுத்தினர். குட்டிகளின் நடத்தை மாறியது. அப்புரதத்தைத் தடுத்தபோது, தாயின் தொற்றெதிர்வினையால் வரும் பாதிப்பு விலகியது. டென்மார்க்கின் 2010ஆம் ஆண்டுப் பதிவாய்வில், கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் வைரஸ் தொற்றால் மருத்துவமனையில் சேர்ந்த தாய்மாரின் பிள்ளைகளுக்கு ஆட்டிச வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்கு. அப்பிள்ளைகளிலும் மிகப் பெரும்பாலோர்க்கு ஆட்டிசம் இல்லை என்பதைத் தாய்மார் அறிய வேண்டும். தம்மையே நொந்துகொள்ள இதில் ஏதுமில்லை.

குருதிச் சான்றுகளில் குழுச் சராசரிகள் வேறுபட்டாலும், தனித்தனிக் குழந்தைகளின் அளவுகள் ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன. ஆகவே எந்தக் குருதிச் சோதனையும் ஆட்டிசத்தை உறுதிசெய்யாது. தடுப்பூசி மீதான ஐயத்துக்கும் இச்சான்றுகள் துணைபோகா: 2019இல் டென்மார்க்கில் 6,57,461 குழந்தைகளைத் தொடர்ந்த ஆய்வு எம்.எம்.ஆர். தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு காணவில்லை. 'எதிர்ப்பாற்றலைச் சீர்செய்யும்' சிகிச்சைகளும் தேறவில்லை. டியூக் பல்கலைக்கழகம் 180 குழந்தைகளுக்கு நடத்திய தொப்புள்கொடிக் குருதிச் சிகிச்சை ஆய்வு, 2020இல் வெளியான முடிவின்படி, தன் முதன்மை இலக்கை எட்டவில்லை. உரிய ஆய்வுச் சோதனைக்கு வெளியே இத்தகைய சிகிச்சையைப் பெற்றோரிடம் விற்பதை மருத்துவ உலகம் நிறுத்த வேண்டும்.