தோல், ரத்தம், மஜ்ஜை: கொடுத்தல் பற்றிச் சில குறிப்புகள்

நந்தனார் நெருப்பில் இறங்கியதைப் பற்றி எழுதிக் குவித்திருக்கிறோம். அதற்கு முன்னால், கொள்ளிடக் கரை ஆதனூரில் அவர் என்ன வேலை செய்துகொண்டிருந்தார் என்று சேக்கிழார் சொல்லும் இடத்தை எல்லோரும் வேகமாகத் தாண்டிப் போய்விடுகிறோம். கோயில் பேரிகைக்குப் போர்வைத் தோல், இழுத்துக் கட்ட வார், வீணைக்கும் யாழுக்கும் நரம்பு, பூசைக்குக் கோரோசனை. எல்லாமே மாட்டின் உடம்பிலிருந்து எடுத்தவை. இவை சன்னிதிக்குள் போயின. கொடுத்தவர் வாசலுக்கு வெளியே நின்றார். தீட்டு பொருளில் இருந்திருந்தால் தோல் உள்ளே போயிருக்காது. தீட்டு ஆளின் மேல் எழுதப்பட்டிருந்தது. ஆளிடமிருந்து பிரிந்த கணத்தில் பொருள் சுத்தமாகிவிடுகிறது.

எலும்பு மஜ்ஜைக் கொடை பற்றி எழுத வந்து நந்தனில் தொடங்குவது வலிந்து செய்வதாகச் சிலருக்குப் படலாம். உடம்பு தருவதை வாங்கிக்கொண்டு உடம்புக்குரியவரை ஒதுக்கி வைக்கிற இந்தப் பழைய ஏற்பாட்டை நவீன மருத்துவம் கலைத்ததா, வேறு வடிவில் ஏற்றுக்கொண்டதா என்று கேட்க வேண்டியிருக்கிறது. அதற்குத் தில்லையை விடப் பொருத்தமான இடம் இல்லை.

முதலில் ரத்தம். ரத்தத்தைப் பற்றிய நவீன அறிவு ஒன்றும் சமத்துவத்தோடு பிறக்கவில்லை. சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் மூக்கையும் மண்டையையும் அளந்து சாதிகளை அட்டவணையாக்கிக்கொண்டிருந்தார்; 1909ல் அவருடைய ஏழு தொகுதிகள் வெளிவந்தன. பத்தே ஆண்டில் அளவுகோல் மூக்கிலிருந்து ரத்தத்துக்கு இடம் மாறியது. முதல் உலகப் போரின்போது சலோனிகாவில் திரண்டிருந்த பல நாட்டுச் சிப்பாய்களின் ரத்தத்தைச் சோதித்த ஹிர்ஸ்ஃபெல்ட் தம்பதியர், இந்தியச் சிப்பாய்களிடம் 'பி' வகை அதிகம் என்று கண்டார்கள். அதை வைத்து 'ஏ' இனம், 'பி' இனம் என இரண்டு ஆதி இனங்களை 1919ல் கற்பித்தார்கள். அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கறுப்பர்களின் ரத்தத்தைத் தனியாகக் குறியிட்டுச் சேமித்தது. 1950ல்தான் அதை நிறுத்தியது.

நம்மிடம் ரத்தப் பையின் மேல் சாதி எழுதுவதில்லை. காட்டுமன்னார்கோயில் பகுதியைச் சேர்ந்த இளையபெருமாள் தலைமையிலான குழு தீண்டாமை பற்றிய தன் அறிக்கையை அளித்தது 1969ல். டீக்கடையில் இரட்டைக் குவளை வைத்திருந்த ஊர்க்காரர்கள் ஆஸ்பத்திரியில் இரட்டைப் பை கேட்கவில்லை. கேட்டால் ஆள் செத்துப்போவான் என்பதால்தான். இதற்காக யாரும் போராடவில்லை என்பதையும், ரத்தம் வாங்கியவன் பெண் கொடுக்கவில்லை என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

மஜ்ஜையின் கதை வேறு. நல்லி எலும்பைத் தட்டித் தட்டி உறிஞ்சுகிறோமே, அதுதான் மஜ்ஜை. சித்த மருத்துவம் அதை 'மூளை' என்கிறது: சாரம், செந்நீர், ஊன், கொழுப்பு, என்பு, மூளை, அதற்கடுத்து சுக்கிலம் அல்லது சுரோணிதம். ஏழு தாதுக்களின் வரிசையில் வம்ச வித்துக்கு முந்திய படி இது. "முதுகுத் தண்டுல ஊசி போட்டா காலு விளங்காது", "கல்யாணம் ஆகவேண்டிய பொண்ணு, வேணாம்" என்று வீடுகளில் எழும் பயத்துக்குப் பின்னால் இந்தப் பழைய உடலியல் நிற்கிறதோ என்று எனக்குச் சந்தேகம். உண்மையில் தண்டுவடத்தை யாரும் தொடுவதில்லை. இன்று பெரும்பாலும் நாலைந்து நாள் ஊசி போட்டு மஜ்ஜையிலுள்ள ஸ்டெம் செல்களை ரத்த ஓட்டத்துக்கு வரவழைக்கிறார்கள். ஒரு கையிலிருந்து ரத்தத்தை எந்திரத்தின் வழியே ஓடவிட்டு, அவற்றை மட்டும் பிரித்துக்கொண்டு மிச்சத்தைத் திருப்பி உடம்புக்குள்ளேயே செலுத்துகிறார்கள். சில மணி நேர வேலை. ஊசி போடும் நாட்களில் எலும்பு வலியும் தலைவலியும் இருக்கும். சில வாரங்களில் உடம்பு கொடுத்ததை ஈடு செய்துகொள்ளும். மயக்க மருந்து கொடுத்து இடுப்பெலும்பிலிருந்து ஊசியால் உறிஞ்சுவது பழைய முறை, இன்னமும் உண்டு.

யார் யாருக்குக் கொடுக்கலாம் என்பதுதான் சிக்கல். 1958ல் யுகோஸ்லாவியாவின் வின்ச்சா அணு உலையில் கதிர்வீச்சுக்கு ஆளானவர்களைப் பாரீசுக்குக் கொண்டுவந்தபோது, முன்பின் தெரியாத பிரெஞ்சுக்காரர்கள் மஜ்ஜை கொடுத்தார்கள். ஜார்ஜ் மாத்தே அதைச் செலுத்தினார். அதே ஆண்டு, அதே பாரீசில், ஜான் தோசே வெள்ளணுக்களின் மேலுள்ள அடையாளங்களில் முதலாவதைக் கண்டறிந்தார். எச்.எல்.ஏ. என்று பின்னர் பெயர் பெற்ற இந்த அடையாளங்கள் தாயிடமிருந்து பாதி, தந்தையிடமிருந்து பாதி வருபவை. ரத்த வகை போல நாலைந்து அல்ல, ஆயிரக்கணக்கான வேறுபாடுகள் கொண்டவை. பொருந்தாவிட்டால் செலுத்தப்பட்ட செல்களே வாங்கியவரின் உடம்பைத் தாக்கும். லண்டனில் ஷெர்லி நோலன் தன் மகன் ஆன்டனிக்காக 1974ல் அந்நியர்களின் பதிவேடு ஒன்றைத் தொடங்கினார். பொருத்தம் கிடைக்காமலேயே 1979ல் பையன் இறந்துபோனான். பதிவேடு நிலைத்து நின்றது.

இந்தியாவில் முதல் மாற்று 1983ல் மும்பை டாடா மருத்துவமனையில், வேலூர் சி.எம்.சி.யில் 1986ல். உடன்பிறந்தவர் பொருந்துவதற்கு நாலில் ஒரு வாய்ப்பு. பிள்ளைகள் ஐந்தாறு இருந்த வீட்டில் அது பெரிய வாய்ப்பு. 2019–21 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் கருவள விகிதம் 1.8. குடும்பத்தைச் சுருக்கச் சொன்ன அரசு, நோயாளியைத் தெருவில் போகிற அந்நியனிடம் அனுப்பிவிட்டது என்று கூடச் சொல்லலாம். அக்காள் மகளையும் மாமன் மகளையும் கட்டுகிற நம் வழக்கம் தலசீமியா போன்ற நோய்களுக்கு வழிவிடுகிறது. அதே வழக்கத்தால்தான் சில வீடுகளில் தாயோ தந்தையோ சித்தப்பா பிள்ளையோ முழுதாகப் பொருந்தியும் விடுகிறார்கள். நோயும் மருந்தும் ஒரே கல்யாணப் பத்திரிகையில்.

வீட்டுக்கு வெளியே போனால் சாதி வருகிறது. முன்னோர் பொதுவாக இருக்கிற இடத்தில்தான் பொருத்தம் எளிதில் கிடைக்கும். அமெரிக்கப் பதிவேட்டை வைத்து 2014ல் செய்த கணக்கில், ஐரோப்பிய வழி வெள்ளையருக்கு முழுப் பொருத்தம் கிடைக்கும் வாய்ப்பு 75 சதம். தென், மத்திய அமெரிக்கக் கறுப்பருக்கு 16 சதம். நம் நாட்டில் 'முன்னோர் பொது' என்பதற்கு அகமணம் என்று பொருள். உடனே நம் சாதிச் சங்கத்துக்காரர்கள், பார்த்தீர்களா, விஞ்ஞானமே சொல்லிவிட்டது என்பார்கள். விஞ்ஞானம் அப்படிச் சொல்லவில்லை. ஹைதராபாத் சி.சி.எம்.பி.யும் ஹார்வர்டும் சேர்ந்து 2013ல் வெளியிட்ட ஆய்வின்படி, ஏறத்தாழ 4200 ஆண்டுகளுக்கு முன்பிருந்து 1900 ஆண்டுகளுக்கு முன்வரை இங்கே எல்லோரும் எல்லோரோடும் கலந்தார்கள். பிறகுதான் கதவு சாத்தப்பட்டது. மஜ்ஜையில் நாம் படிப்பது சாதியின் சாராம்சத்தை அல்ல, சாத்திய கதவின் வரலாற்றை.

அந்தக் கதவு எப்படிக் காவல் காக்கப்படுகிறது என்று கடலூர் மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்த தலித் இளைஞர் முருகேசனும், வன்னியர் சாதியில் பிறந்த கண்ணகியும் 2003 மே மாதம் கடலூரில் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். ஜூலையில் விருத்தாசலம் பக்கத்துப் புதுக்கூரைப்பேட்டையில் இருவரையும் விஷம் புகட்டிக் கொன்று எரித்தார்கள். 2021 செப்டம்பரில்தான், பதினெட்டு வருஷம் கழித்து, கடலூர் நீதிமன்றம் 13 பேருக்குத் தண்டனை கொடுத்தது. அதில் காவல்துறையினரும் உண்டு.

இதில் நம் தோழர்கள் தவிர்க்கக் கூடாத ஒரு சங்கடம் இருக்கிறது. சாதி மறுத்துக் கட்டிக்கொண்டவர்களின் பிள்ளைக்கு, இரண்டு தனித்தனி வழிகளிலிருந்து அடையாளங்கள் சேர்வதால், இன்றைய பதிவேட்டில் பொருத்தம் கிடைப்பது கூடுதல் கடினம். இதை மறைப்பதில் பயனில்லை. கலப்பின் மேல் பழி போடவும் இதில் இடமில்லை, ஏனெனில் குறை பதிவேட்டில் இருக்கிறது. 8 கோடிப் பேர் வாழும் ஜெர்மனியில் ஏறத்தாழ 1 கோடிப் பேர் பதிந்திருக்கிறார்கள். சென்னையில் 2009ல் தொடங்கிய 'தாத்ரி'யில் 5 லட்சத்துக்கும் மேல். 140 கோடிக்கு இது எம்மாத்திரம்?

அந்த லட்சங்களில் யார் இருக்கிறார்கள் என்பது அடுத்த கேள்வி. கல்லூரி வளாகத்திலும் கணினி நிறுவனத்திலும் முகாம் போட்டால், அங்கே போய்ச் சேர முடிந்தவர்களின் முன்னோர்தான் பதிவேட்டிலும் இருப்பார்கள். கிள்ளையில் ஓர் இருளர் குழந்தைக்கு நாளை மஜ்ஜை தேவைப்பட்டால் அதன் உறவின் அடையாளம் அங்கே இருக்குமா? தேவனாம்பட்டினத்து மீனவப் பிள்ளைக்கு? கன்னத்தின் உட்புறம் பஞ்சுக்குச்சியால் ஒரு தடவல், பதிவுக்கு அவ்வளவுதான். இடஒதுக்கீட்டுக்குப் போராடிய இயக்கங்கள் இந்தப் பட்டியலை ஒரு பிரதிநிதித்துவப் பிரச்சினையாக ஏன் இன்னும் பார்க்கவில்லை என்பது எனக்கு விளங்கவில்லை. மாற்றுச் சிகிச்சைக்குப் பல லட்சம் ஆகும், ஏழையின் செல் பணக்காரனுக்குத்தான் போகும் என்று ஒரு தோழர் வாதிடக்கூடும். நியாயம்தான். ஆனால் அதற்குப் பதில் அரசு மருத்துவமனையில் இலவச மாற்றுக்குப் போராடுவதே தவிர, பட்டியலிலிருந்து விலகி நிற்பதல்ல. இப்போது பாதிப் பொருத்தத்தில் தாயோ தந்தையோ கொடுக்கும் முறையும் பரவிவருகிறது. அதில் பிழைக்கும் பிள்ளைகளை நினைத்தால் மகிழ்ச்சி. வீட்டுக்குள்ளேயே முடித்துக்கொள்ளலாம் என்ற நிம்மதி இந்தச் சமூகத்துக்கு எவ்வளவு வசதியானது என்பதையும் கவனிக்கலாம்.

பதிவது விளையாட்டல்ல. நோயாளியின் மஜ்ஜையை மருந்தால் முற்றாக அழித்த பிறகுதான் புதிய செல்களைச் செலுத்துகிறார்கள். அந்தக் கட்டத்தில் கொடுப்பவர் பின்வாங்கினால் மறுபக்கத்தில் மரணம். வீட்டில் கேட்டுவிட்டுப் பெயர் கொடுக்க வேண்டும், கொடுத்தபின் நிற்க வேண்டும்.

தானம் நம்மிடம் கல்வெட்டில் பெயர் பொறித்துச் செய்வது. யார், யாருக்கு, சூரியனும் சந்திரனும் உள்ளவரை என்று எழுதிவைப்பது. கொடை திரும்பக் கொடுக்கும் கடமையை உண்டாக்குகிறது என்றார் மார்செல் மாஸ். அடையாளம் காணப்பட்ட கணத்திலேயே கொடை கொடையாக இல்லாமல் போகிறது என்றார் தெரிதா. பதிவேடு இருவர் பெயரையும் குறைந்தது ஓராண்டு மறைத்து வைக்கிறது. அந்த ஓராண்டுக்குள் வாங்கியவரின் ரத்த வகையே கொடுத்தவருடையதாக மாறிவிடுகிறது. ரத்தத்தை எடுத்து மரபணுச் சோதனை செய்தால் தெரிவது கொடுத்தவர். தலைமுடி வேரைச் சோதித்தால் தெரிவது வாங்கியவர். ஓர் உடம்பில் இரண்டு வம்சம். இம்முறை பொருளையும் ஆளையும் பிரித்து நிறுத்த வாசல் ஏதுமில்லை.

ஓராண்டு முடிந்து இருவரும் சம்மதித்தால் சந்திக்கலாம். கைகுலுக்கி, அழுது, போட்டோ எடுத்துக்கொண்ட பிறகு நம் ஊர்க்காரர்கள் வழக்கமாகக் கேட்பது ஒன்று உண்டு: "எந்த ஊரு? ஊர்ல எந்தப் பக்கம்?"