கண்ணாடி கைதட்டாது

மேஜிக் கத்துக்க வர்றவங்க கேக்கற முதல் கேள்வி, "இந்த வித்தையை எப்படிச் செய்யறது?" இதுக்குப் பதில் புத்தகத்துலயே இருக்கு. கொஞ்ச நாள் கழிச்சு ரெண்டாவது கேள்வி வரும். "வீட்டுல கண்ணாடி முன்னாடி சுத்தமா வருது சார், நாலு பேர் முன்னாடி நின்னா கை நடுங்குதே, என்ன பண்றது?" இதுக்குப் புத்தகத்துல பதில் கிடையாது. ஆனா வரலாற்றுல இருக்கு. அதுவும் நம்ம தெருவிலேயே இருக்கு.

ஸ்ரீரங்கத்துக்காரங்களுக்கு நான் சொல்றது புரியும். இன்னிக்கு 236 அடி உயரத்துல நிக்கற ராஜகோபுரம் 1987-லதான் முழுசாச்சு. அதுக்கு முன்னால நாங்க அதை மொட்டைக் கோபுரம்னுதான் சொல்லுவோம். அந்தப் பக்கம், காந்தி மார்க்கெட், சத்திரம் பஸ் ஸ்டாண்டுன்னு எங்க கூட்டம் சேருமோ அங்க ஒரு மோடி மஸ்தான் இருப்பார். ஒரு உடுக்கை, ஒரு மண்டையோடு, ஒரு கூடை, கயித்துல கட்டின கீரிப்பிள்ளை. "பாம்புக்கும் கீரிக்கும் சண்டை விடப் போறேன்"னு ஆரம்பிப்பார். அந்தச் சண்டையைக் கடைசி வரைக்கும் பார்த்தவர் எவராவது இருந்தா எனக்குச் சொல்லுங்க, கோயில் புளியோதரை வாங்கித் தர்றேன் :-)

சிரிச்சுட்டு விட்டுடற விஷயம் இல்லை இது. அந்த மனுஷர் நிலைமையைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. மேடை இல்லை, திரை இல்லை, விளக்கு இல்லை. மேடைக்காரருக்கு முன்பக்கம் மட்டும்தான் கண்கள், இவருக்கு நாலு பக்கமும் கண்கள். மேடைக்காரருக்கு டிக்கெட் காசு முன்னாடியே வந்துடும். இவரோ யாரும் இல்லாத இடத்துல கூட்டத்தைச் சேர்க்கணும், கலையாம நிறுத்தணும், கடைசியில காசும் வாங்கணும். "கையைக் கட்டாதே", "பாதியில போனா ரத்தம் கக்குவே"ங்கற மிரட்டல் எல்லாம் என்ன? கூட்டத்தை நிறுத்தி வைக்கற தொழில் நுணுக்கம். பயந்துகிட்டு நின்னது நாம, பயமில்லாம நின்னது அவர். அந்தத் தைரியம் அவருக்குப் பிறவியில வந்ததில்லை. ஒரு நாளைக்கு நாலு இடத்துல, வருஷக்கணக்கா நின்னு வந்தது.

இந்தத் தெருப் பள்ளிக்கூடத்துல படிச்ச ஒருத்தர் உலகத்தையே திரும்பிப் பார்க்க வெச்சிருக்கார். ஆங்கிலேயர்கள் அவர் பேரை ராமோ சாமின்னு எழுதினாங்க. நம்ம காதுக்கு அது ராமசாமி. 1813-ல லண்டன் பால்மால் பகுதியில இந்திய வித்தைக்காரர் குழு ஒண்ணு காட்சி நடத்தி ஊரையே கலக்குச்சு. அந்தக் காலகட்டத்துல இங்கிலாந்தில் புகழ்பெற்று, கடைசி வரைக்கும் நிலைச்சு நின்ன பேர் ராமோ சாமி. 1819-ல கடல் தாண்டி அமெரிக்காவுக்கும் போய் வித்தை காட்டினார். தெரியாத பாஷை, தெரியாத ஜனங்க, குளிர் வேற. நம்ம ஆளுக்குப் பேச்சு உதவாத இடத்துல கை பேசியிருக்கு.

என்ன செஞ்சார்? நாலு பித்தளைப் பந்துகளை ஒரே சமயத்துல காத்துல சுத்த விடுவார். வாயில மணிகளையும் குதிரை மயிரையும் தனித்தனியாப் போட்டுக்கிட்டு, கையால தொடாமலேயே கோத்து வெளியே இழுப்பார். அப்புறம் கத்தி விழுங்கறது. வில்லியம் ஹாஸ்லிட்ங்கற ஆங்கிலக் கட்டுரையாளர் இந்திய வித்தைக்காரர்களைப் பத்தி எழுதின கட்டுரை 1821-ல புத்தகமா வந்தது. அதுல வர்ற தலைமை வித்தைக்காரர் ராமோ சாமிதான்னு வரலாற்று ஆசிரியர்கள் கருதறாங்க. கத்தி விழுங்கறது ஹாஸ்லிட்டுக்குப் பிடிக்கலை. ஆனா பந்து விஷயத்துல மனுஷர் அசந்துட்டார். இந்த ஆள் ஒரு தடவை தவறினாலும் ஊரே பார்த்துடும், அதனால தவறாம செய்யறான். நான் எழுதறதுல எத்தனை ஓட்டை இருந்தாலும் தப்பிச்சுடறேனேங்கற வெட்கம் அந்தக் கட்டுரையில ஓடுது.

நம்ம ரெண்டாவது கேள்விக்குப் பதில் இங்கதான் இருக்கு. கண்ணாடிக்கு நீங்க எங்க பாக்கறீங்கன்னுதான் தெரியும். கூட்டம் எங்க பாக்குதுன்னு தெரியாது. எந்த நொடியில அவங்க கண் என் கையை விட்டு என் முகத்துக்கு வருது, எந்த நொடியில சிரிக்கறாங்க, சிரிக்கும்போது எவ்வளவு நேரம் கவனம் தளருது, இதெல்லாம் ஜனங்க கிட்ட மட்டும்தான் கத்துக்க முடியும். முன்வரிசைல ஒரு வாண்டு, "அங்கிள், இன்னொரு கையைக் காட்டுங்க"ன்னு கேக்கும் பாருங்க, அதுதான் பரீட்சை. நான் பிறந்தநாள் விழாக்களிலும் காலனி பொங்கல் விழாக்களிலும் செய்யறவன். ஒரே வித்தையை முப்பதாவது தடவை செய்யும்போதுதான், அந்தக் கேள்வி வர்றதுக்கு முன்னாடியே கையைத் திறந்து காட்டற நிதானம் வந்தது. நடுக்கம் முழுசா போகலை. அது இருக்கற இடம் தெரிஞ்சுபோச்சு, அவ்வளவுதான்.

திருச்சிக்கு இது புதுசும் இல்லை. எம்.கே. தியாகராஜ பாகவதர் இந்த ஊர்ல வளர்ந்தவர். எஃப்.ஜி. நடேச ஐயர் நடத்தின ரசிக ரஞ்சன சபாவின் ஹரிச்சந்திரா நாடகத்துல, பத்து வயசு வாக்கில லோகிதாசனா மேடை ஏறினார். முதல் படமான 'பவளக்கொடி' வந்தது 1934-ல. நடுவுல இருந்த வருஷம் எல்லாம் நேர்ல ஜனங்க முகத்தைப் பார்த்துப் பாடின வருஷங்கள். சினிமால நாம பார்த்த அந்த அலட்சியமான நிதானம் மேடையில சம்பாதிச்சது.

மெட்ராஸ்ல இன்னொரு கதை. 1830 வாக்கில ஷேஷால்னு ஒரு முதியவர், பித்தளைக் கம்பு ஒண்ணுல பொருத்தின மான்தோல் சுருள் மேல ஒரு கையை மட்டும் வெச்சுக்கிட்டு, தரையில படாம அந்தரத்துல உக்காந்திருப்பார். ஏறும்போதும் இறங்கும்போதும் மட்டும் போர்வையால மறைப்பாங்க. 1832-ல லண்டன் பத்திரிகை ஒண்ணு படத்தோட இதைப் போட்டது. 1847-ல பாரிஸில் ராபர்ட் ஊடின் தன் மகனை அதே மாதிரி அந்தரத்துல படுக்க வெச்சு, ஈதர் மயக்கத்தோட மகிமைன்னு சொல்லிக் கைதட்டல் வாங்கினார். நவீன மேஜிக்கின் தந்தைன்னு பேரும் அவருக்குத்தான். ராமோ சாமியின் மணி கோக்கற வித்தை ஊசியா மாறி ஹூடினி வாய்க்குப் போச்சு. அவராவது அதுக்குக் கிழக்கிந்திய ஊசி வித்தைன்னு பேர் வெச்சார்.

மேடை கிடைச்சா நம்மாளும் சாதிப்பான்னு காட்டினவர் பி.சி. சர்க்கார். 1956 ஏப்ரல்ல பிபிசி நேரடி ஒளிபரப்புல ஒரு பெண்ணை ரெண்டா அறுத்தார். அவள் எழுந்திருக்கறதுக்கு முன்னாடியே நிகழ்ச்சி முடிஞ்சுடுச்சு. பெண் செத்தே போயிட்டாள்னு பிபிசிக்கு ஓயாம போன். மறுநாள் பேப்பர் எல்லாம் அதே சேதி, அவரோட லண்டன் தியேட்டர் காட்சிக்குக் கூட்டம் அலைமோதுச்சு. அந்தச் சில நொடிகள்ல கை நடுங்காம இருக்க எத்தனை ஊர் மேடை தேவைப்பட்டிருக்கும்!

ராமோ சாமிக்கு என்ன ஆச்சு? முப்பது வருஷத்துக்கு மேல அந்நிய மண்ணுல கூட்டத்தை மயக்கினவர் 1850-ல லண்டன்ல இறந்தபோது அடக்கம் பண்ணக் காசில்லை. அவர் மனைவி எலன் பத்திரிகை மூலமா உதவி கேக்க வேண்டியதாச்சு. கூட்டம் தைரியம் கொடுக்கும், கைதட்டல் கொடுக்கும். சோறு தொடர்ந்து கொடுக்கும்னு உத்தரவாதம் இல்லை.

நம்ம மோடி மஸ்தானுக்கும் அதே கதிதான். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்கு அப்புறம் பாம்பை வெச்சுப் பிழைக்க வழியில்லை (பாம்புக்கு நல்லதுதான், மறுக்கலை). 1959 பம்பாய் பிச்சைத் தடுப்புச் சட்டமோ, தெருவுல வித்தை காட்டிக் காசு கேக்கறதையும் பிச்சைன்னே வகைப்படுத்துச்சு. தில்லியில அமலில் இருந்த அந்தச் சட்டத்தின் பெரும்பகுதியை உயர் நீதிமன்றம் 2018-லதான் ரத்து பண்ணுச்சு. நாலு பக்கமும் கண்கள் நடுவுல நின்ன கலைஞனை அறுபது வருஷம் பிச்சைக்காரன்னு எழுதி வெச்சிருந்தோம். நாம மேடையில கோட்டு போட்டுக்கிட்டு அதே மூணு கிண்ண வித்தையைச் செஞ்சா மட்டும் 'மெஜிஷியன்'.

அதனால, கை நடுங்கற தம்பிகளுக்கு நான் சொல்றது இதுதான். சின்னதா ஒரே ஒரு வித்தை எடுத்துக்குங்க. கண்ணாடியை விட்டுட்டு வெளியே வாங்க. பக்கத்து வீடு, டீக்கடை, காலேஜ் கேண்டீன், எங்க வேணா செய்யுங்க. அப்புறம் எப்பவாவது தெருவோரம் ஒரு வித்தைக்காரரைப் பார்த்தீங்கன்னா, நின்னு முழுசாப் பாருங்க, காசு போடுங்க. ரகசியத்தை மட்டும் கேக்காதீங்க. நடுவுல யாராவது குறுக்குக் கேள்வி கேட்டா அவர் முகத்தைக் கவனிங்க. அந்தப் பாடத்துக்கு வேற எங்கேயும் ஃபீஸ் கட்ட முடியாது.