பட்டரைப்பெரும்புதூர்

திருவள்ளூர் மாவட்டத்தில், கொசஸ்தலை ஆற்றுப் படுகையில் அமைந்த தொல்லியல் களம். தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 2015-16, 2017-18 ஆண்டுகளில் இங்கு அகழாய்வு நடத்தியது. கற்காலக் கருவிகள், கருப்பு சிவப்புப் பானை ஓடுகள், உறைகிணறு, தமிழி (தமிழ் பிராமி) எழுத்துப் பொறித்த ஓடுகள் வெளிப்பட்டன.

இங்கு கிடைத்த ரௌலட்டட் வகை ஓடுகள் தொலைதூரத் தொடர்புக்குச் சான்று. சாம்பல் அல்லது கருநிற மெல்லிய தட்டு. உள்ளடியில் நுண்ணிய வெட்டுக்குறிகள் வட்ட வரிசைகளாகச் சுற்றிவரும். 1945இல் புதுச்சேரி அருகே அரிக்கமேட்டை அகழ்ந்த தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் இவ்வகையை மத்தியதரைக் கடற்பகுதியுடன் தொடர்புபடுத்தினார். பிற்கால மண் பகுப்பாய்வுகள் இந்திய மண்ணையே, குறிப்பாகக் கங்கைக் கழிமுகப் பகுதியைச் சுட்டின. ஆகவே இவ்வோடுகளை மட்டும் கொண்டு ரோமானிய வணிகத்தை நிறுவுவது பொருந்தாது. வங்கக் கடலோரப் பரிமாற்றத்துக்கே இவை வலுவான சான்று. பாலித் தீவின் செம்பிரானிலும் இவ்வகை ஓடுகள் கிடைத்துள்ளன.