மேகம் என்பது மண்ணில்தான் இருக்கிறது



உங்களில் பலர் கம்ப்யூட்டர் துறையில் இருக்கிறீர்கள். "எங்கள் ஆப் கிளவுடில் ஓடுகிறது" என்று நீங்கள் சொன்னால், வீட்டுப் பெரியவர்கள் வானத்தைப் பார்க்கிறார்கள். அவர்களுக்காகவும் உங்களுக்காகவும் அதன் வரலாற்றைக் கொஞ்சம் எழுதுகிறேன்.

1990-ன் இறுதியில், ஜெனீவா அருகே உள்ள செர்ன் ஆய்வு மையத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ உலகின் முதல் வெப் சர்வரை இயக்கினார். அது ஒரு நெக்ஸ்ட் கம்ப்யூட்டர். 'இது சர்வர், அணைக்காதீர்கள்' என்று சிவப்பு மையில் எழுதி அதன்மேல் ஒட்டியிருந்தது. யாராவது சுவிட்சை அணைத்தால் உலகின் ஒரே இணையதளமும் நின்றுவிடும்!

அதன்பின் பல ஆண்டுகள், பெரிய தளம் நடத்த விரும்பியவர்கள் சர்வர்களை முன்பணம் போட்டு வாங்க வேண்டியிருந்தது. எத்தனை பேர் வருவார்கள் என்று முன்கூட்டியே ஊகிக்கவும் வேண்டும். ஒரு நாள் கல்யாணத்துக்குச் சொந்தமாக மண்டபம் கட்டுவது போன்ற செலவு அது.

இதற்கு மாற்று வழியை 1961-லேயே ஜான் மெக்கார்த்தி என்ற அறிஞர் சொல்லியிருந்தார். தொலைபேசியைப் போலக் கணிக்கும் திறனும் ஒருநாள் பொதுச் சேவையாகலாம் என்பது அவர் கருத்து.

2006 ஆகஸ்டில் அமேசான் 'ஈசி2' சேவையைத் தொடங்கியபோது அது கைக்கு எட்டியது. அதை உருவாக்கியது தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனில், கிறிஸ் பிங்கம் தலைமையில் இயங்கிய சிறிய குழு. ஒரு பெரிய கம்ப்யூட்டரை மென்பொருளால் பல அறைகளாகத் தடுத்து வாடகைக்கு விட்டார்கள். ஆரம்ப வாடகை மணிக்கு 10 சென்ட். வேலை முடிந்தால் காலி செய்துவிடலாம். கையில் பெரிய முதல் இல்லாதவரும் தொழில் தொடங்க முடிந்தது.

இன்றும் முறை அதுதான். எந்த ஊரில் அறை வேண்டும் என்று தேர்ந்தெடுக்கிறீர்கள். லினக்ஸ் போடுகிறீர்கள். வருவோருக்கு 80, 443 என்ற இரு வாசல்களைத் திறந்து, தேவையற்றவற்றைப் பூட்டுகிறீர்கள். அப்பாச்சியோ என்ஜின்எக்ஸோ வாசலில் நின்று வரவேற்க, உள்ளே உங்கள் புரோகிராமும் டேட்டாபேஸும் வேலை செய்கின்றன.

ஆனால் வாடகை அறைக்கும் தீப்பிடிக்கும். 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓவிஹெச் நிறுவனத்தின் ஐந்து மாடி டேட்டா சென்டர் ஒன்று எரிந்து போனது. நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை. வேறு ஊரில் நகல் வைத்திருந்தவர்கள் மீண்டு வந்தார்கள். நகல் இல்லாதவர்களும், அதே வளாகத்தில் நகல் வைத்திருந்தவர்களும் பல ஆண்டு உழைப்பை இழந்தார்கள். கிளவுடில் இருந்தால் எல்லாம் தானாகவே பத்திரம் என்று நம்பியவர்கள் அவர்களில் பலர்.

கட்டடமும் கம்பியும் மின்சாரமும் அவர்கள் பொறுப்பு. உங்கள் தகவலுக்கு நகல் எடுப்பது பெரும்பாலும் உங்கள் பொறுப்பு. செர்னில் ஒட்டிய அந்தச் சிவப்பு மைக் காகிதத்தின் அக்கறை இன்றும் தேவைப்படுகிறது.

நாளை அலுவலகம் போனதும் ஒரு கேள்வி கேளுங்கள்: "நம் நகல் எந்த ஊரில் இருக்கிறது? அதைக் கடைசியாகத் திறந்து பார்த்தது எப்போது?"

பதிலைக் கீழே எழுதுங்கள். படிக்கக் காத்திருக்கிறேன்.