குற்றச்சாட்டின் மொழி: படித்துக் காட்டுதலும் விளக்குதலும்

முன்னுரை

குற்றவியல் சட்டத்தைப் பொதுமக்கள் அறியச் செய்வதற்குச் சட்ட நூல்களைத் தாய்மொழியில் பெயர்த்துத் தந்தால் போதும் என்னும் கருத்து பரவலாக உள்ளது. இந்தியக் குற்ற நடைமுறைச் சட்டமோ நூறாண்டுகளுக்கு மேலாக இதனினும் கூடுதலான ஒன்றை வேண்டி வந்துள்ளது. விசாரணை தொடங்கும்போது குற்றச்சாட்டு எதிரிக்குப் படித்துக் காட்டப்படவும் விளக்கப்படவும் வேண்டும் என்பது அதன் விதி. படித்துக் காட்டுதல் வேறு, விளக்குதல் வேறு. முன்னது மொழிபெயர்ப்பால் நிறைவேறும். பின்னது அதனால் மட்டும் நிறைவேறாது. இவ்வேறுபாட்டின் வரலாற்றையும் அது தமிழ்க் கலைச்சொற்களில் எழுப்பும் சிக்கல்களையும் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. மொழி மாற்றமும் சட்டத் தொகுப்பும்

இங்கிலாந்தில் வழக்கு நடவடிக்கைகள் இலத்தீனை விட்டு ஆங்கிலத்தில் அமைய வேண்டும் என்னும் சட்டம் 1733இல் நடைமுறைக்கு வந்தது. அறியாத மொழியில் வழக்கு நடப்பதால் மக்களுக்கு நேரும் தீங்கே அதற்குக் காரணமாகக் கூறப்பட்டது. கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப் பகுதிகளில் பாரசீகம் நீதிமன்றங்களிலிருந்து விலக வழி செய்த சட்டம் 1837இல் இயற்றப்பட்டது. பாரசீகம் விலகிய பின்னும் அதன் வழியாக வந்த சொற்கள் விலகவில்லை. வக்கீல், கைதி, ஆஜர், ஜப்தி, வாய்தா முதலிய அரபுச் சொற்கள் தமிழ் நாட்டுப்புறத்தாரும் பொருளறிந்து வழங்கும் சொற்களாக நிலைத்துவிட்டன. பிறமொழிச் சொல் என்பதாலேயே ஒரு சொல் விளங்காமற் போவதில்லை என்பதற்கு இவை சான்று.

மெக்காலே தலைமையில் அமைந்த ஆணையம் 1837இல் அளித்த வரைவு, திருத்தங்களுடன் 1860இல் இந்தியத் தண்டனைச் சட்டமாக இயற்றப்பட்டு, 1862 சனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பிரிவுகளின் கீழ் எடுத்துக்காட்டுகள் தரப்பட்டிருப்பது இச்சட்டத்தின் தனிச்சிறப்பு. வரையறை மட்டும் பொருளை உணர்த்தாது, விளக்கமும் வேண்டும் என்னும் எண்ணம் சட்டத்தின் அமைப்பிலேயே இடம்பெற்றிருந்தது எனலாம்.

2. குற்றச்சாட்டு என்னும் பனுவல்

1898ஆம் ஆண்டின் நடைமுறைச் சட்டம், மாகாணத் தலைநகரங்களில் குற்றச்சாட்டு ஆங்கிலத்திலும், பிற இடங்களில் ஆங்கிலத்திலோ நீதிமன்ற மொழியிலோ எழுதப்பட வேண்டும் என்றது. 1973ஆம் ஆண்டின் சட்டம் நீதிமன்ற மொழியிலேயே எழுதப்பட வேண்டும் என மாற்றியது.

காவல்துறை அளிக்கும் குற்றப்பத்திரிகையும் நீதிமன்றம் வனையும் குற்றச்சாட்டும் ஒன்றெனவே பொதுவாகக் கருதப்படுகின்றன. முன்னது புலனாய்வின் முடிவில் நீதிமன்றத்திற்கு அனுப்பப்படும் அறிக்கை; அது நீதிமன்றத்தை நோக்கிப் பேசுவது. பின்னது எதிரியை முன்னிலையில் விளித்து, இன்ன நாளில், இன்ன இடத்தில், இன்ன செயலைச் செய்தீர், அது இன்ன பிரிவின்கீழ்த் தண்டிக்கத்தக்கது என அவரிடமே கூறுவது. ‘வனைதல்’ என்னும் குயவர் தொழிற்சொல்லை இதற்கு ஆண்ட தமிழ் நீதிமன்ற வழக்கு பாராட்டத்தக்கது.

இப்பனுவலின் சொற்பொருள் குறித்து 1973ஆம் ஆண்டுச் சட்டத்தின் 214ஆம் பிரிவு ஒரு விதி வகுத்தது. குற்றச்சாட்டில் உள்ள சொற்களுக்கு, அக்குற்றத்தைத் தண்டிக்கும் சட்டம் தரும் பொருளையே கொள்ள வேண்டும் என்பதே அது. உலக வழக்கில் எதிரி அறிந்துள்ள பொருள் அங்கே செல்லாது. எனவே ‘விளக்குக’ என்னும் ஆணை சடங்கு அன்று. இவ்விதியால் இன்றியமையாததாகும் கடமை. படித்துக் காட்டிய உடனே, குற்றத்தை ஒப்புக்கொள்கிறீரா என எதிரியிடம் கேட்கப்படுகிறது. ஒப்புக்கொண்டால் அந்நிலையிலேயே அவரைக் குற்றவாளி எனத் தீர்மானிக்க நீதிபதிக்கு அதிகாரம் உண்டு. ஒரு சொல்லைத் தவறாகப் புரிந்துகொள்வதன் விலை இங்கே பல ஆண்டுச் சிறைவாசமாகலாம்.

3. உலக வழக்கும் சட்ட வழக்கும்

‘கொலை’ என்னும் சொல் உலக வழக்கில் உயிரைப் போக்குதலைக் குறிக்கும். சட்டமோ கொலைக்குற்றத்தையும், கொலையாகாத மரணம் விளைவித்த குற்றத்தையும் வேறுபடுத்துகிறது. முன்னதற்கு மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை. பின்னதற்குப் பத்தாண்டுக்குக் குறைந்த தண்டனையும் அமையலாம். கடுமையான, திடீர்ச் சினமூட்டலால் தன்னடக்கம் இழந்து ஒருவரைக் கொன்றவர், “ஆம், நான்தான் கொன்றேன்” என்பாராயின், அவர் ஒப்புக்கொள்வது செயலை, கொலைக்குற்றத்தை அன்று.

‘கொள்ளை’ என்பதும் அத்தகையதே. ஆளில்லாத வீட்டில் நகை களவுபோனால் நாளிதழ்கள் அதனைக் கொள்ளை என்றே எழுதுகின்றன. வன்முறையோ அச்சுறுத்தலோ இல்லாதவிடத்துச் சட்டப்படி அது கொள்ளையன்று, திருட்டே. ஐவர் அல்லது அதற்கு மேற்பட்டோர் சேர்ந்து கொள்ளையிட்டால் அது கூட்டுக்கொள்ளை என்னும் தனிக்குற்றமாகிறது. நால்வருக்கும் ஐவருக்கும் உள்ள வேறுபாடு மொழியறிவால் அறியப்படுவதன்று.

தண்டனைச் சொற்களில் ‘ஆயுள் தண்டனை’ பெரிதும் பிறழ உணரப்படுவது. பதினான்கு ஆண்டு என்பர் சிலர்; இருபது ஆண்டு என்பர் சிலர். எஞ்சிய வாழ்நாள் முழுவதும் என்பதே அதன் பொருள் என உச்ச நீதிமன்றம் 1961இல் கோட்சே வழக்கில் தெளிவுபடுத்தியது. இருபது என்பது தண்டனையின் பின்னங்களைக் கணக்கிடுவதற்கான எண். பதினான்கு என்பது, சிலவகைக் கைதிகள் தண்டனைக் குறைப்புப் பெற்று விடுதலையாகுமுன் கழிக்க வேண்டிய குறைந்த அளவாக 1978இல் சேர்க்கப்பட்டது. ‘ஏககாலத்தில் அனுபவித்தல்’ என்னும் தொடரும் விளக்கம் வேண்டுவது. 1973ஆம் ஆண்டின் சட்டப்படி, நீதிமன்றம் அவ்வாறு ஆணையிடாவிடில், ஒரே விசாரணையில் விதிக்கப்பட்ட சிறைத் தண்டனைகள் ஒன்றன்பின் ஒன்றாகவே கழிக்கப்பட வேண்டியிருந்தன.

4. தெரிவித்தல் என்பதன் பொருள்

தடுப்புக்காவல் வழக்குகளில் இச்சிக்கல் அரசியலமைப்பின் 22ஆம் உறுப்பை ஒட்டி ஆராயப்பட்டது. ஆங்கிலம் அறியாத ஒருவருக்கு ஆங்கிலத்தில் காரணங்களை அளித்து, அதிகாரி வாய்மொழியாகப் பெயர்த்துக் கூறியது போதாது என 1962இல் அரிகிசன் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. குசராத்தி மட்டுமே அறிந்த ஒருவருக்கு ஆய்வாளர் அம்மொழியில் விளக்கியதாகச் சொல்லப்பட்டபோதும், அவரறிந்த மொழியில் எழுத்து வடிவில் தரப்படவில்லை என்பதால் 1981இல் லல்லுபாய் வழக்கில் அது ஏற்கப்படவில்லை. கைதுக்கான காரணங்களும் கைதானவருக்குப் புரியும் மொழியில் பயனுறத் தெரிவிக்கப்பட வேண்டும் என 2025இல் விகான் குமார் வழக்கில் வலியுறுத்தப்பட்டது. எழுத்தும் வேண்டும், புரிதலும் வேண்டும் என்பதே இத்தீர்ப்புகளின் சாரம்.

5. எண்கள் பெயர்களானமை

மக்கள் சட்டத்தைத் தம் போக்கில் கற்றதற்குப் பிரிவு எண்கள் சான்று. ‘420’ ஏமாற்றுக்காரனுக்குப் பெயராயிற்று. ‘302’ கொலையைக் குறித்தது. 2024 சூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்தபின் கொலைக்கான தண்டனைப் பிரிவு 103 ஆயிற்று. ஏமாற்றிப் பொருள் பெறுதல் 318இன் நான்காம் உட்பிரிவில் அடங்கியது. புதிய சட்டத்தின் 302, சமய உணர்வைப் புண்படுத்தும் நோக்குடன் சொல்லாடுவதைக் குறிக்கிறது. கொலையாகாத மரணத்திற்குரிய தண்டனைப் பிரிவாக இருந்த 304 இப்போது பறித்தல் குற்றத்தைக் குறிக்கிறது. 2024 சூலைக்கு முன் நிகழ்ந்த குற்றங்களுக்குப் பழைய தண்டனைச் சட்டமே பொருந்துவதால், ஒரே எண் இருவேறு பொருளில் ஒரே நீதிமன்றத்தில் ஒலிக்கும் நிலை உள்ளது. எண்ணை மட்டும் கேட்ட ஒருவர் தம்மீதுள்ள குற்றம் எதுவென அறிந்ததாகக் கொள்ள இயலாது.

முடிவுரை

மனநலக் குறைவு இல்லாதவராயினும் நடவடிக்கைகளைப் புரிந்துகொள்ளச் செய்ய இயலாத எதிரிகள் உண்டு என்பதைச் சட்டம் 1898லேயே ஏற்றுள்ளது. அத்தகையோரைக் கீழ்நீதிமன்றம் குற்றவாளி எனக் கண்டால், வழக்கு உயர் நீதிமன்றத்திற்கு அனுப்பப்பட வேண்டும் என்னும் விதி இன்றும் தொடர்கிறது. புரியாமை நேரக்கூடும் என்பதைச் சட்டமே உணர்ந்திருக்கையில், கலைச்சொல்லாக்கம் செய்வோர் அதனை மறத்தல் ஆகாது. சொல்லுக்குச் சொல் தரும் அகராதியோடு நில்லாமல், ஒவ்வொரு குற்றத்திற்கும் அதனை நிறுவ மெய்ப்பிக்கப்பட வேண்டிய கூறுகள் யாவை, உலக வழக்கிலிருந்து அது எங்கே வேறுபடுகிறது, தண்டனையின் எல்லை என்ன என்பனவற்றை ஓரிரு எளிய தொடர்களில் தரும் விளக்கக் கையேடுகள் இந்திய மொழிகள் அனைத்திலும் தேவை. ‘படித்துக் காட்டி விளக்கப்பட்டது’ என்னும் தொடர் பதிவேட்டில் இடம்பெறுவது எளிது. அத்தொடரின் பிற்பகுதியை மெய்யாக்கும் பொறுப்பில் மொழியியலாளருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் பங்குண்டு.