பேரணியில் நடக்காத கடைசி வீரர்

ஏப்ரல் 25 ஆஸ்திரேலியாவில் அன்சாக் தினம். 1915-ல் கலிப்போலி கரையில் இறங்கிய படைகளின் நினைவாக முன்னாள் வீரர்கள் பதக்கங்களைக் குத்திக்கொண்டு அணிவகுத்துப் போவார்கள். பெர்த் நகரில் இருந்த கிளாட் சூல்ஸ் அதில் நடக்க மறுத்துவிட்டார். இத்தனைக்கும் இரண்டு உலகப் போர்களிலும் கடற்படையில் இருந்தவர். அண்ணன்மார் இருவர் கலிப்போலியில் போரிட்டவர்கள். போரைக் கொண்டாடுவது அவருக்குப் பிடிக்காது, அவ்வளவுதான்.

1901 மார்ச் 3-ல் இங்கிலாந்தின் பெர்ஷோர் என்ற சிற்றூரில் பிறந்தார். அண்ணன்களைப் போல ராணுவத்தில் சேரப் பார்த்தார். வயது போதாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். சரி, கடற்படைக்குப் போவோம் என்று பயிற்சிக் கப்பலில் ஏறிய பையன், 1917-ல் 'ரிவெஞ்ச்' என்ற போர்க்கப்பலுக்கு வந்து சேர்ந்தான்.

அந்தக் கப்பலிலிருந்து அவர் பார்த்த இரண்டு காட்சிகள் முக்கியமானவை. முதலாவது, 1918 நவம்பர் 21. ஸ்காட்லாந்துக் கடலில் ஜெர்மனியின் பெருங்கடற்படை ஒரு குண்டுகூட வெடிக்காமல் வரிசையாக வந்து சரணடைந்தது. இரண்டாவது, 1919 ஜூன் 21. அந்தக் கப்பல்களை ஸ்காபா ஃபுளோ என்ற இயற்கைத் துறைமுகத்தில் நிறுத்தி வைத்திருந்தார்கள். அவற்றை எப்படிப் பங்கு போடுவது என்று ஜெயித்த நாடுகளுக்குள் இழுபறி (சொத்துத் தகராறு எங்கேயும் ஒன்றுதான்!). பிரிட்டிஷ் கப்பல்கள் காலையில் பயிற்சிக்கு வெளியே போன நேரம் பார்த்து, ஜெர்மன் தளபதி ராய்ட்டர் ரகசிய உத்தரவு கொடுத்தார். மாலுமிகள் அடித்தளத்து வால்வுகளைத் திறந்துவிட, 74 கப்பல்களில் 52 மூழ்கின. எதிரி கைக்குப் போவதைவிடக் கடலுக்குள் போகட்டும் என்ற கணக்கு. அன்று நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஒன்பது ஜெர்மானியர்கள் செத்தார்கள். போர் ஓய்ந்து ஏழு மாதம் கழித்து! பின்னாளில் எர்னஸ்ட் காக்ஸ் என்ற பழைய இரும்பு வியாபாரி அந்தக் கப்பல்களை ஒவ்வொன்றாக மேலே தூக்கி, உடைத்து விற்றது தனிக்கதை.

1926-ல் சூல்ஸ் பயிற்சியாளராக ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பப்பட்டார். மெல்போர்னுக்குத் தெற்கே வெஸ்டர்ன் போர்ட் விரிகுடாவில் இருந்த கடற்படைத் தளத்தில் வேலை. போகிற கப்பலில் பழக்கமான எதெலையே கல்யாணமும் செய்துகொண்டார். 76 வருடம் சேர்ந்து வாழ்ந்தார்கள்.

அடுத்த போர் வந்தபோது அவருக்குக் கிடைத்த வேலையைப் பாருங்கள். மேற்கு ஆஸ்திரேலியாவில் ஃப்ரிமான்டில் துறைமுகத்தில் வெடிவைப்புப் பொறுப்பு. 1942 மார்ச் 3-ல், அதாவது அவருடைய 41-வது பிறந்தநாளில், அதே மாநிலத்தின் புரூம் ஊரை ஜப்பானிய விமானங்கள் தாக்கின. ஜப்பான்காரன் இறங்கினால் துறைமுகத்தையும் எண்ணெய்த் தொட்டிகளையும் தகர்த்துவிட வேண்டும் என்பதுதான் சூல்ஸுக்கு உத்தரவு. ஸ்காபா ஃபுளோவில் ஜெர்மானியர்கள் செய்ததை இப்போது அவரே செய்யத் தயாராக நின்றார். ஜப்பான் இறங்கவில்லை, துறைமுகம் பிழைத்தது.

1956-ல் ஓய்வு பெற்றார். எண்பது வயதுக்கு மேல் எழுத்துப் பயிற்சி வகுப்புக்குப் போனார். எழுதிவைத்த நினைவுகள் 2009-ல் புத்தகமாக வந்தபோது அவருக்கு வயது 108. எதிரியை வெறுக்கத்தான் பழக்கினார்கள், அவர்களும் தன்னைப் போன்ற பையன்கள்தான் என்று பிறகுதான் புரிந்தது என அப்பா சொல்வார் என்று அவருடைய மகன் கூறியிருக்கிறார். 2011 மே 5-ல், 110 வயதில் இறந்தார். முதல் உலகப் போரில் போர்க்களப் பணி செய்தவர்களில் கடைசி ஆள்.

அதே ஆண்டு டிசம்பரில் ஆஸ்திரேலியக் கடற்படை, பிரிட்டனிடம் வாங்கிய ஒரு கப்பலுக்கு 'சூல்ஸ்' என்று பெயர் வைத்தது. அணிவகுப்புக்கே வராதவர் பெயரில் கடற்படைக் கப்பலா என்று யாருக்கும் தோன்றும். ஆனால் அது துருப்புகளையும் சரக்கையும் கரையில் இறக்குகிற கப்பல். 2019 கடைசி நாளில் காட்டுத்தீ மல்லகூட்டா என்ற கடலோர ஊரைச் சூழ்ந்து, சாலைகள் அடைபட்டு, ஜனங்கள் கடற்கரையில் தவித்தபோது, இந்தக் கப்பல்தான் அங்கே போனது. 2020 ஜனவரி 3-ல் சுமார் ஆயிரம் பேரை ஏற்றிக்கொண்டு, மறுநாள் வெஸ்டர்ன் போர்ட் விரிகுடாவில் கொண்டுபோய் இறக்கியது. 1926-ல் சூல்ஸ் வேலைக்கு வந்து சேர்ந்த அதே விரிகுடாதான்.